தமிழில் மருத்துவம் பேச வரும் டாக்டர்களுக்கு: முதல் வீடியோ போடும்முன் படிக்க

"டாக்டர், சுகர் மாத்திரை போட்டா கிட்னி போயிடுமாமே?" தமிழ்நாட்டில் ஓபி பார்க்கும் எவருக்கும் பழகிப்போன கேள்வி இது. கேட்கிறவரையாவது உட்காரவைத்துச் சொல்லிவிடலாம்: சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுக்குள் வராத சர்க்கரை, மெட்ஃபார்மின் அதைக் கெடுப்பதில்லை, சிறுநீரகம் ஏற்கெனவே ரொம்பப் பழுதாகியிருந்தால் நாங்களே அந்த மாத்திரையைக் குறைப்போம், நிறுத்துவோம். எதுவும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டு, மாதக்கணக்கில் கழித்து ஆறாத கால்புண்ணோடு வருகிறவரிடம் என்ன சொல்வது? அவருக்கு அந்தச் செய்தி போனில் வந்தது. அதற்கான பதிலும் போனில் வந்திருக்க வேண்டும்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவில் தொடங்கியபோது என்ன நடந்தது என்று அப்போது பணியில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். 9 மாதத்திலிருந்து 15 வயது வரையிலான பிள்ளைகளுக்கான ஊசி. வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால் பெற்றோர் மறுத்தார்கள். முகாமின் கடைசித் தேதியைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் ஜூலையில் திருப்பூரில், வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று ஒரு இளம் தாய் இறந்துபோனார். இந்த இரண்டையும் கேட்ட பிறகும் "நமக்கெதுக்கு யூடியூப்?" என்று இருந்துவிட என்னால் முடியவில்லை. உங்களாலும் முடியாது என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

ஓபியில் நோயாளி வாய்விட்டுக் கேட்கும் கேள்விக்கு, அவருக்குப் புரிகிற பேச்சில், எல்லோருக்கும் பொதுவாகப் பதில் சொல்லுங்கள். தனி ஆளுக்கு வைத்தியம் மட்டும் அங்கே பார்க்காதீர்கள். கீழே வருவதெல்லாம் இதற்கான வழிமுறைதான்.

1. கணக்குத் தொடங்கும்முன் விதியைப் படியுங்கள்

மருத்துவர் விளம்பரம் செய்யக்கூடாது என்று கல்லூரியில் படித்ததை வைத்துக்கொண்டு, பொதுவெளியில் பேசுவதே தப்போ என்று தயங்குகிறவர்கள் நிறையப் பேர். அப்படி இல்லை. நடைமுறையில் இருப்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிமுறைகள். அதன் 7.11 பிரிவின்படி, பொதுச் சுகாதாரம், ஆரோக்கியமான வாழ்க்கை முறை பற்றி ஒரு மருத்துவர் தன் சொந்தப் பெயரில் பத்திரிகையில் எழுதலாம். வானொலி, தொலைக்காட்சியில் பேசலாம். இணைய உரையாடலிலும் பேசலாம். அந்தப் பேச்சு நோயாளியைத் தன்னிடம் இழுக்கும் விளம்பரமாகத்தான் ஆகக்கூடாது.

அந்தக் கவுன்சிலுக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் தொடக்கத்தில் புதிய விதிமுறைகளை வெளியிட்டது. அதே மாதம் 23ஆம் தேதி அவற்றை நிறுத்திவைத்தது. ஆனாலும் அதில் சமூக ஊடகத்துக்கென்று இருந்த பகுதியைத் தேடி ஒருமுறை படித்துவிடுங்கள். லைக்கையும் ஃபாலோயரையும் விலைக்கு வாங்காதே, நோயாளியிடம் பாராட்டுரை வாங்கிப் போடாதே, நோயாளியின் படத்தையும் ஸ்கேனையும் போடாதே என்று அது சொன்னது எல்லாமே, எந்த விதி நடைமுறையில் இருந்தாலும் நாம் செய்யக்கூடாதவைதான்.

அரசுப் பணியில் இருப்பவர்கள், முதல் வீடியோவுக்கு முன்பே துறைத் தலைவர் வழியாக எழுத்தில் அனுமதி கேளுங்கள். சேனலில் இருந்து வருமானம் வரத் தொடங்கிய பிறகு கேட்டால் சிக்கல் பெரிதாகும்.

சுயவிவரத்தில் பெயர், பதிவு செய்த படிப்பு, மருத்துவக் கவுன்சில் பதிவு எண் மூன்றும் இருக்கட்டும். டாக்டர் என்று போட்டுக்கொண்டு யார் வேண்டுமானாலும் பேசும் இடத்தில், உங்களை யாரும் சரிபார்க்க வழிவிடுவது அந்த எண் ஒன்றுதான். விழிப்புணர்வு வீடியோவின் அடியில் கிளினிக் போன் நம்பரையும் அப்பாயின்ட்மென்ட் நேரத்தையும் போடாதீர்கள் என்பது என் கருத்து. அதைப் போட்ட நிமிடமே, நீங்கள் சொன்னதெல்லாம் ஆள் பிடிக்கச் சொன்னதாக மாறிவிடும்.

2. தலைப்பை ஓபியில் பொறுக்குங்கள்

மேஜை டிராயரில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். நோயாளி கேட்ட கேள்வியை, கேட்டபடியே, அதே வார்த்தையில் எழுதுங்கள். பெயர், ஊர் எதுவும் வேண்டாம். "பிரஷர் மாத்திரை ஒரு தடவை ஆரம்பிச்சா விடவே முடியாதாமே?" "குழந்தைக்கு உரம் விழுந்துடுச்சு, எடுத்துட்டு வந்துட்டோம், இன்னும் அழுவுது." "கேஸ் நெஞ்சுல ஏறி அடைக்குது." இப்படி ஒரு மாதம் எழுதினால் ஒரு வருடத்துக்கான தலைப்பு சேர்ந்துவிடும். யாரும் கூகுளில் "உயர் ரத்த அழுத்த மேலாண்மை" என்று தேடுவதில்லை.

உங்கள் துறைக்குள்ளேயே நில்லுங்கள். எலும்பு மருத்துவர் தைராய்டு பற்றியும் தோல் மருத்துவர் கீமோதெரபி பற்றியும் பேசத் தொடங்கினால், பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. தவறு நேரும்போது அவதிப்படப் போவது அவர்கள்தான்.

பருவத்தையும் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும்முன் டெங்கு, கத்திரி வெயிலுக்கு முன் நீரிழப்பு. காய்ச்சல் வீட்டுக்குள் வந்த பிறகு போடும் வீடியோவைவிட, இரண்டு வாரம் முன்பே போட்டது வேலை செய்யும்.

3. ஒரு வீடியோவுக்கு ஒரே செய்தி

நாய்க்கடியை எடுத்துக்கொள்வோம். நமக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னால் அரை மணி நேரம் ஓடும். ஒன்றரை நிமிடத்தில் இப்படிச் சொல்லலாம்:

"நாய் கடிச்சதும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. குழாயைத் திறந்துவிட்டு, ஓடுற தண்ணியில, சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. குளியல் சோப்பே போதும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்காதீங்க. அன்னிக்கே பக்கத்துல இருக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு ஆஸ்பத்திரிக்கோ போயிடுங்க. ஊசி கையிலதான் போடுவாங்க, சின்னக் குழந்தைன்னா தொடையில. தொப்புளைச் சுத்திப் போடுற ஊசி இப்ப கிடையவே கிடையாது. ரத்தம் வர்ற மாதிரி கடிச்சிருந்தா காயத்துலயே இன்னொரு மருந்து போடணும். அதுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா உடனே போயிடுங்க. சீட்டுல எழுதிக்கொடுக்கற எல்லாத் தேதிக்கும் போய் ஊசியை முடிச்சிடுங்க. குட்டிதானே, நம்ம வீட்டு நாய்தானேன்னு விட்டுடாதீங்க."

இதில் எதையெல்லாம் விட்டிருக்கிறோம் என்று கவனியுங்கள். வைரஸின் பெயர் இல்லை. காயத்தின் வகைப்பாடு இல்லை. ஊசி போடும் நாட்களும் இல்லை. அதைத் தெரிந்தேதான் விட்டது. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 நாட்கள். தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28. நீங்கள் ஒன்றைச் சொல்லி, ஆஸ்பத்திரியில் இன்னொன்றைச் சொன்னால், "அந்த டாக்டர் வேற சொன்னாரே" என்று அவர் நர்ஸிடம் சண்டை போடுவார், அல்லது குழம்பிப்போய் ஊசியையே விட்டுவிடுவார். சீட்டில் எழுதியதைப் பின்பற்றச் சொல்வது அதைவிடப் பத்திரம்.

தொப்புள் ஊசி பற்றிய வரியைத் தயவுசெய்து நீக்காதீர்கள். பழைய நரம்புத்திசு ஊசியை நிறுத்தி இருபது வருடம் ஆகிவிட்டது. அந்தப் பயம் மட்டும் இன்னும் ஊரில் இருக்கிறது. அதற்குப் பயந்து, கடிபட்டதை வீட்டில் சொல்லாமல் மறைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ரேபீஸ் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை என்பதால், அந்த ஒரு வரி ஒரு உயிருக்குச் சமம். அதே காரணத்தால், "வெறிநாய் கடித்தால் மரணம்!" என்று வீடியோவைத் தொடங்க வேண்டாம். பயந்தவர் பாதியில் மூடிவிடுவார். கழுவச் சொன்ன பிறகு, அவர் கையில் ஒரு வேலை கொடுத்த பிறகு, ஆபத்தைச் சொல்லுங்கள்.

எழுதியதைப் பதிவு செய்யும்முன் இரண்டு பேரிடம் காட்டுங்கள். ஒருவர் அதே துறையில் இருக்கும் மருத்துவர். தேசிய வழிகாட்டு நெறிமுறையோடு ஒத்துப்போகிறதா என்று அவர் பார்ப்பார். இன்னொருவர் மருத்துவம் படிக்காதவர். வார்டில் வேலை செய்யும் அக்காவிடம் வாசித்துக் காட்டிவிட்டு, "இப்ப நீங்க என்ன செய்வீங்க?" என்று மட்டும் கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்வதில் எது விடுபடுகிறதோ, அந்த இடத்தைத் திருத்துங்கள். நேற்று வந்த ஒரே ஓர் ஆய்வை, அதுவும் எலியில் நடந்ததை, செய்தியாக்கவே வேண்டாம்.

4. படம் பிடிப்பது

இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. போன் போதும். ஜன்னலுக்கு எதிரே உட்காருங்கள். சட்டையில் மாட்டும் சின்ன மைக் ஒன்று வாங்குங்கள். படம் சுமாராக இருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள், குரல் தெளிவில்லையென்றால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். பேச்சுத் தமிழில் பேசி, எழுத்தைக் கீழே ஓடவிடுங்கள். டவுன் பஸ்ஸில் சத்தம் இல்லாமல் பார்ப்பவர்களுக்கும் காது மந்தமான பெரியவர்களுக்கும் அந்த எழுத்துதான் வீடியோ.

தலைப்பில் மட்டும் கொஞ்சம் உழையுங்கள். "டெங்கு பற்றிய விழிப்புணர்வு" என்றால் யாரும் தொடமாட்டார்கள். "இந்தத் தப்பைச் செய்தால் குழந்தை உயிர் போகும்" என்றால் தொடுவார்கள், ஆனால் அது அவர்களை மிரட்டிப் பிழைப்பது. "டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகு ஏன் கவனம் வேண்டும்?" என்று வையுங்கள். உண்மையும் அதுதான்: காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து துவண்டுபோவது எல்லாம் தலைகாட்டும். காய்ச்சல் விட்டதே என்று வீட்டுக்கு அழைத்துப்போகத் துடிக்கும் பெற்றோரை அந்தத் தலைப்பு நிறுத்தி யோசிக்கவைக்கும்.

5. நோயாளியை வெளியே காட்டாதீர்கள்

இங்கேதான் நல்ல மருத்துவர்களும் சறுக்குகிறார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இருப்பதில்லை. அரிதான ஒரு எக்ஸ்ரே வரும், சிக்கலான அறுவை சிகிச்சை நல்லபடியாக முடியும், உற்சாகத்தில் போனை எடுத்துவிடுவோம்.

எக்ஸ்ரே மூலையில் பெயரும் வயதும் தேதியும் அச்சாகியிருக்கும். அதை மறைத்துவிட்டாலும், உங்கள் ஆஸ்பத்திரி எது என்று ஊருக்கே தெரியும். "நேற்றிரவு ஒரு 19 வயதுப் பெண், எலி பேஸ்ட் சாப்பிட்டு..." என்று நீங்கள் எழுதினால், தாலுகா தலைநகரில் அந்தப் பெண் யார் என்று மாலைக்குள் தெரிந்துவிடும். முகத்தை மங்கலாக்குவது போதாது. கையில் குத்திய பச்சை, கழுத்துத் தாலி, பின்னால் நிற்கும் அம்மாவின் புடவை, ஏதாவது ஒன்று காட்டிக்கொடுக்கும்.

2002 விதிகளின்படி, அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தையோ விவரத்தையோ அனுமதியில்லாமல் வெளியிடக்கூடாது. ஹெச்ஐவி பாதித்தவரின் நிலையை வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் தனிச் சட்டமே தடுக்கிறது. மனநலச் சிகிச்சையில் இருப்பவரின் படத்தையும் தகவலையும் அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குத் தரக்கூடாது என்று அதே வருடத்தின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

சம்மதம் வாங்கினால் போதுமா என்று கேட்பீர்கள். உயிரைக் காப்பாற்றிய டாக்டர் கேட்டால் யார்தான் இல்லையென்று சொல்வார்கள்? கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு நாம் வாங்கும் கையெழுத்தில் நன்றியும் பயமும் கலந்திருக்கிறது. எனவே தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு என் யோசனை: நோயாளியின் படத்தை முதல் ஒரு வருடம் தொடவே தொடாதீர்கள். வரைபடம் வரையுங்கள், பொம்மை மாதிரியைக் காட்டுங்கள். கதையாகச் சொல்லியே ஆகவேண்டுமென்றால் வயது, ஊர், பாலினம், நடந்த காலம் எல்லாவற்றையும் மாற்றி, "இப்படி வருகிறவர்கள் உண்டு" என்று சொல்லுங்கள். ஐசியூவிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் செல்ஃபி எடுக்காதீர்கள். உங்கள் முகத்துக்குப் பின்னால் ஒருவருடைய மானம் கிடக்கிறது.

6. கமெண்டில் வைத்தியம் பார்க்காதீர்கள்

ஐந்தாவது வீடியோவிலேயே தொடங்கிவிடும். "சார், சுகர் 280 இருக்கு, என்ன மாத்திரை போடலாம்?" "மேடம், பாப்பாவுக்கு 3 நாளா லூஸ் மோஷன், ப்ளீஸ் ரிப்ளை." மனசு கேட்காது. பதில் போட விரல் துடிக்கும்.

மத்திய அரசின் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் 2020 மார்ச் 25 அன்று வந்தன. வாட்ஸ்அப், வீடியோ அழைப்பு வழியாக மருத்துவம் பார்க்க அவை இடம் தருகின்றன. ஆனால் நோயாளி யார் என்று உறுதிப்படுத்த வேண்டும், போதிய விவரம் கேட்க வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும், எழுதும் மருந்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். கமெண்ட் பெட்டியில் இதில் ஒன்றுகூட நடக்காது. அங்கே ஒருவருக்குச் சொன்ன மாத்திரைப் பெயரை, அதே தொந்தரவு இருக்கும் இன்னும் பத்துப் பேர் மெடிக்கலில் போய்க் கேட்பார்கள். அதில் ஒருவர் கர்ப்பிணியாக இருக்கலாம்.

முன்கூட்டியே சில பதில்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒதுக்கித் தள்ளும் பதிலாக இல்லாமல், அடுத்து எங்கே போவது என்று காட்டும் பதிலாக: "அம்மா, பாப்பாவைப் பார்க்காமல் இங்கே மருந்து சொல்வது பாப்பாவுக்கு நல்லதில்லை. ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இன்றைக்கே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சிறுநீர் குறைந்தாலோ துவண்டுபோனாலோ உடனே 108ஐக் கூப்பிடுங்கள்." மருத்துவ ஆலோசனைக்கு 104, மன உளைச்சலுக்கு 14416. இந்த எண்களைக் கமெண்டின் மேலேயே பின் செய்து வையுங்கள். தற்கொலை எண்ணத்தை யாராவது எழுதினால், அதற்கு மட்டும் நாளை வரை காத்திருக்காதீர்கள். அவர் பெயரைச் சொல்லி மென்மையாகப் பதில் எழுதி, 14416ஐக் கொடுங்கள்.

7. பணம்

கொஞ்சம் பேர் பார்க்கத் தொடங்கியதும் புரோட்டீன் பவுடர்காரர்கள் வருவார்கள், முடி எண்ணெய்க்காரர்கள் வருவார்கள். 2002 விதிமுறைகளில் 2009 இறுதியில் வந்த திருத்தத்தின்படி, மருந்து நிறுவனத்தின் மருந்தையோ பொருளையோ மருத்துவர் பொதுவெளியில் பரிந்துரைத்துப் பேசக்கூடாது. அவ்வளவுதான்; இதில் பேரம் இல்லை. நீரிழிவு, புற்றுநோய், உடல்பருமன் போன்றவற்றைக் குணப்படுத்துவதாகச் சொல்லும் விளம்பரத்தை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. "சுகரை வேரோடு ஒழிக்கும்" என்று பேசச் சொல்லி யாராவது ஸ்கிரிப்ட் அனுப்பினால், அது உங்களைச் சட்டத்தின் முன் நிறுத்தும் ஸ்கிரிப்ட். சேனலில் ஓடும் பொது விளம்பரத்தையும் அவ்வப்போது நீங்களே பாருங்கள். சர்க்கரை வியாதி வீடியோவின் நடுவே எந்த லேகியம் வருகிறது என்று தெரிந்தால், விளம்பர அமைப்பில் அந்த வகையை அடைத்துவிடலாம்.

8. பொய்ச் செய்திக்குப் பதில் சொல்வது

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். அன்று தமிழ்நாடே பயந்தது. ஊசி போட்டுக்கொள்ள இருந்தவர்கள் தயங்கினார்கள். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் முழுவதும் அடைத்திருந்ததாக மருத்துவமனை சொன்னது. மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழுவும் பின்னர் சொன்னது.

இப்படியொரு நாளில் எப்படிப் பேசுவது? முதலில் துக்கத்தை மதியுங்கள். அடுத்து உண்மையைச் சொல்லுங்கள்: குழாயில் கொழுப்பு படிவது பல வருட வேலை. வதந்தியை ஒரே ஒரு தடவை சொல்லி, அது ஏன் தவறு என்று விளக்கி, உண்மையோடு முடியுங்கள். வதந்தி வீடியோவை அப்படியே பக்கத்தில் ஓடவிட்டுப் பேசுவது அதற்கு நாம் செய்யும் விளம்பரம். பயந்தவரை முட்டாள் என்று சொல்லாதீர்கள். குழந்தை நாக்கில் வசம்பு தடவும் பாட்டியை மட்டம் தட்டிப் பேசினால், அந்த வீட்டில் உங்கள் பேச்சு இனி எடுபடாது. பாட்டியின் அக்கறையை ஒப்புக்கொண்டு, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்று சொன்னால் பாட்டியே கேட்பார்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லி எழுதுவதாக இருந்தால் கையில் ஆதாரம் இருக்கட்டும், தெரிந்த வக்கீல் ஒருவரும் இருக்கட்டும். கேரளக் கல்லீரல் மருத்துவர் சிரியாக் அபி பிலிப்ஸின் எக்ஸ் கணக்கை, அவருடைய பதிவுகளை எதிர்த்து ஒரு நிறுவனம் தொடுத்த வழக்கில் பெங்களூரு நீதிமன்றம் 2023 செப்டம்பரில் முடக்கச் சொன்னது. அடுத்த மாதம் உயர் நீதிமன்றம் நிபந்தனையோடு திறந்துவிட்டது. அதற்காகப் பேசாமல் இருக்க வேண்டியதில்லை. ஹைதராபாத் குழந்தைகள் மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ், சர்க்கரை அதிகமுள்ள பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரோடு விற்கப்படுவதை எதிர்த்துப் பல வருடம் வீடியோவிலும் நீதிமன்றத்திலும் விடாமல் பேசினார். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானத்தின் பெயரில் ஓஆர்எஸ் என்று போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. ஒரு மருத்துவர் பிடித்த பிடியில் நின்றால் இவ்வளவு நடக்கும்.

9. பழைய வீடியோவைத் திரும்பிப் பாருங்கள்

வாரம் ஒன்று போடுங்கள், முடியாவிட்டால் மாதம் இரண்டு. ஒவ்வொன்றிலும் மாதமும் வருடமும் தெரியட்டும். சிகிச்சை முறை மாறும். இணையத்தில் நாம் சொன்னது மாறாமல் அங்கேயே கிடக்கும். வருடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பாருங்கள். சின்ன மாற்றமென்றால் விளக்கக் குறிப்பின் முதல் வரியில் தேதியோடு எழுதுங்கள். முக்கியமான மாற்றமென்றால் புது வீடியோ போட்டு, பழையதை நீக்கிவிடுங்கள், அது எத்தனை லட்சம் பேர் பார்த்ததாக இருந்தாலும்.